டிசைன் படிக்கிறவங்க இன்டர்ன்ஷிப்புக்கு எங்க போகலாம்: பெரிய ஏஜென்சியா, சின்ன ஸ்டூடியோவா, புராடக்ட் கம்பெனியா?

போன வாரம் அக்கா பொண்ணு ஃபோன் பண்ணா. டிசைன் காலேஜ்ல மூணாவது வருஷம் படிக்கிறா. "மாமா, ரெண்டு இடத்துல இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு, எதுக்கு போறதுன்னே தெரியல, இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணும்"னா. ஒண்ணு எல்லாருக்கும் பேர் தெரிஞ்ச பெரிய விளம்பர ஏஜென்சி, மூணு மாசம், ஸ்டைபண்ட் (இன்டர்னுக்கு தர்ற காசு) பரவால்ல. இன்னொண்ணு அஞ்சே பேர் இருக்கிற ஸ்டூடியோ, ஆறு மாசம், ஸ்டைபண்ட் அதவிட கம்மி. அவளோட கிளாஸ்மேட் ஒருத்தி மொபைல் ஆப் பண்ற கம்பெனிக்கு போறாளாம், இன்னொருத்தன் ஒரு சிற்பிக்கு உதவியா போறானாம், அதெல்லாம் கேட்டதுல இவளுக்கு குழப்பம் ரெண்டு மடங்கா ஆயிடுச்சு. ஃபோன்ல நான் சொன்னது பத்தலன்னு தோணுச்சு, அதான் எழுதறேன். நானும் படிக்கும்போது ரெண்டு இடத்துல இன்டர்னா இருந்தேன், இப்ப பல வருஷமா என்கிட்ட இன்டர்ன் பசங்க வந்து போறாங்க, அதனால ரெண்டு பக்கமும் நின்னு பாத்திருக்கேன்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். கம்பெனி பேர், ஆபீஸ் அழகு, ஸ்டைபண்ட் இத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. நீங்க பண்ற வேலைய அங்க யார் பக்கத்துல உக்காந்து பாப்பாங்க, வாரத்துக்கு எத்தன தடவ திருத்தி குடுப்பாங்க, இத வச்சு எடை போடுங்க. மத்த எல்லாத்தையும் அதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

ஏன் இவ்வளவு அழுத்தமா சொல்றேன்னா, 1919ல ஜெர்மனில வைமார்ங்கிற ஊர்ல வால்டர் குரோப்பியஸ் ஆரம்பிச்ச பௌஹவுஸ் ஸ்கூல்ல, ஆரம்ப வருஷங்கள்ல ஒவ்வொரு பட்டறைக்கும் ரெண்டு ஆசான் வச்சிருந்தாங்க. ஒருத்தர் ஓவியர் மாதிரி ஆள், உருவம், நிறம், அமைப்பு இதெல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருத்தர் கைத்தொழில் தெரிஞ்சவர், மரம்னா மரத்த எப்படி இழைக்கணும், தறின்னா நூல எப்படி கட்டணும்னு கையப் பிடிச்சு சொல்லித்தர்றவர். ரெண்டும் சேந்தாதான் ஒரு டிசைனர் உருவாவார்ங்கிறது அவங்க நம்பிக்கை. இன்னிக்கு நம்ம காலேஜ்கள்ல முதல் ஆசான் கிடைச்சிடறார், நல்லாவே சொல்லித்தர்றார். அந்த ரெண்டாவது ஆசானத் தேடித்தான் வெளிய போறோம். அந்த ஆள் இல்லாத இடத்துக்கு போனா மேசையும் ஐடி கார்டும்தான் கிடைக்கும்.

சரி, பெரிய ஏஜென்சி. அங்க ஒரு வேலை எங்க பிறந்து எப்படி வளருதுன்னு முழுசா பாக்கலாம். க்ளையன்ட்கிட்ட இருந்து பிரீஃப், அதாவது என்ன வேணும்ங்கிற குறிப்பு, வரும், அத பிளானிங் ஆளுங்க ஒரே பக்கமா சுருக்குவாங்க, அப்புறம் காப்பிரைட்டரும் ஆர்ட் டைரக்டரும் ஜோடியா உக்காந்து ஐடியா பேசுவாங்க, முப்பது ஐடியா சுவத்துல ஒட்டினா சாயங்காலத்துக்குள்ள ரெண்டுதான் மிஞ்சும். இப்படி எழுதறவரையும் படம் போடறவரையும் ஒண்ணா உக்கார வச்சது 1949ல நியூயார்க்ல தொடங்கின டாயில் டேன் பெர்ன்பாக் ஏஜென்சில பில் பெர்ன்பாக் கொண்டுவந்த பழக்கம்னு சொல்வாங்க, அதுக்கு முன்னாடி எழுதறவர் எழுதி முடிச்சு அடுத்த ரூமுக்கு தள்ளிவிட்டா அங்க இருக்கறவர் அதுக்கு படம் போட்டுக் குடுப்பார், அவ்வளவுதான். அந்த ஜோடிப் பேச்ச பக்கத்துல உக்காந்து கேக்கறது இருக்கே, அது எந்த கிளாஸ்லயும் கிடைக்காது. நல்லா இருக்கிற ஐடியாவ ஏன் தூக்கிப் போடறாங்கன்னு புரிய ஆரம்பிக்கும்போது நம்ம கண்ணே மாறுது.

ஆனா இன்டர்ன் கைக்கு வர்ற வேலை பெரும்பாலும் ரீசைஸ். ஒரு கீ விஷுவல, அதாவது விளம்பரத்தோட முக்கியப் படத்த, குடுத்து சதுரம், செங்குத்து, படுக்கை, பஸ் முதுகு, வெப் பேனர்னு முப்பது சைஸ் அடிச்சுக் குடுன்னு சொல்வாங்க. இத கேவலமா நினைக்க வேண்டாம். படுக்கையா இருக்கிற படத்த செங்குத்தா மாத்தும்போது எத விட்டுடலாம் எத விடக்கூடாது, லோகோ எவ்வளவு சின்னதானாலும் தாங்கும், ஹெட்லைன் எந்த வார்த்தைல உடையலாம்னு ஒவ்வொரு சைஸுக்கும் முடிவெடுக்கணும், அது உண்மையான டிசைன் பாடம்தான். முதல் பத்து சைஸ் வரைக்கும். அதுக்கப்புறம் கை மட்டும்தான் ஓடும். நான் முதல்ல போனது இந்த மாதிரி ஒரு பெரிய இடம், அங்க ஏழு வாரம் ரீசைஸ் மட்டுமே பண்ணேன், என்னைப் பாத்துக்க வேண்டியவர் ஷூட் ஷூட்னு வெளியவே இருந்தார், என் ஃபைல யாருமே திறந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லல. கடைசி நாள் சர்டிஃபிகேட் வாங்கும்போது அழுகையா வந்துச்சு, ஏன்னா நான் வளந்தேனான்னு எனக்கே தெரியல.

சின்ன ஸ்டூடியோ இதுக்கு நேரெதிர். அங்க இன்டர்ன்னு தனியா ஒரு வேலை கிடையாது, இருக்கிற வேலைல ஒரு பங்கு உங்களுது. ரெண்டாவது வாரமே க்ளையன்ட் மீட்டிங்ல உக்காருவீங்க, மூணாவது வாரம் உங்க லேஅவுட் நிஜமாவே அச்சுக்குப் போகும்.

எனக்கு அப்படி நடந்தத சொல்றேன். நாலு பேர் இருந்த ஒரு ஸ்டூடியோல ஒரு நோட்டீஸ் பண்ணேன், பின்பக்கம் முழுக்க 7 பாயின்ட் எழுத்து. ஸ்க்ரீன்ல பாக்க கச்சிதமா இருந்துச்சு. ஸ்டூடியோ நடத்தற அண்ணன் என்ன பிரஸ்ஸுக்கே கூட்டிட்டுப் போனார். மெஷின் ஓட்டறவர் முதல் தாள எடுத்து லைட்டுக்கு அடில வச்சு, லென்ஸ எழுத்து மேல வச்சு, "தம்பி, இங்க பாருங்க"ன்னார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓரத்துல ஒரு பக்கம் சிவப்பா, இன்னொரு பக்கம் நீலமா மெல்லிசா ஒரு நிழல். என்ன ஆச்சுன்னா, நான் எழுத்துக்கு குடுத்த கருப்பு ஆர்ஜிபி கருப்பு, அதாவது ஸ்க்ரீனுக்கான கலர், அத அச்சுக்கான நாலு மை முறையான சிஎம்ஒய்கேக்கு மாத்தும்போது சாஃப்ட்வேர் அத சயான் 75, மெஜந்தா 68, எல்லோ 67, பிளாக் 90னு நாலு மையா பிரிச்சிடுச்சு. மைக்கு ஒண்ணா இருக்கிற நாலு அச்சு பிளேட்டும் ஒரு முடி அளவு கூட விலகாம வந்து விழுந்தாதான் அந்தப் பொடி எழுத்து சுத்தமா இருக்கும், தாள் கொஞ்சம் நீண்டாலே ரெஜிஸ்டர், அதாவது அந்தப் பொருத்தம், போயிடும். சின்ன எழுத்துக்கு பிளாக் மட்டும் 100 குடுத்தா ஒரே பிளேட், எங்கயும் விலகாது. பிளேட் மறுபடியும் போட்டாங்க, அந்த செலவ ஸ்டூடியோதான் ஏத்துக்கிச்சு. அண்ணன் திட்டல. ஆபீஸ் வந்து என் ஃபைல திறந்து, கலர்கள சேத்து வைக்கிற ஸ்வாட்ச் பேனல்ல நான் வச்சிருந்த ஆறு விதமான கருப்பையும் ஒண்ணொண்ணா என்னையே அழிக்க வச்சார். அந்த லென்ஸுக்கு அடில பாத்த ரெண்டு நிழலும் இன்னிக்கும் எனக்கு கண்ணுல நிக்குது, அந்த ஒரு மத்தியானத்துல கத்துக்கிட்டது காலேஜ்ல ஒரு செமஸ்டர் ஓடியும் மண்டைல ஏறல.

சின்ன ஸ்டூடியோல ஆபத்தும் உண்டு. அந்த திருத்தற ஆள் ஒரே ஒருத்தர்தான். அவருக்கு நேரம் இல்லன்னாலோ பொறுமை இல்லன்னாலோ உங்க ஆறு மாசமும் போச்சு. சில இடங்கள்ல சம்பளத்துக்கு ஒரு ஜூனியர் டிசைனர் வைக்கிறதுக்கு பதிலா வரிசையா இன்டர்ன் வச்சே ஓட்டறாங்க, ஒருத்தர் போனதும் அடுத்தவர். அஞ்சு பேர் ஸ்டூடியோன்னு சொல்லிட்டு அதுல மூணு பேர் இன்டர்ன்னா அங்க போகாதீங்க, உங்களுக்கு யாரும் சொல்லித்தர முடியாது, உங்கள மாதிரியே முழிச்சிட்டு இருக்கிற ரெண்டு பேர்தான் துணைக்கு இருப்பாங்க.

புராடக்ட் கம்பெனி, அதாவது ஆப், வெப்சைட், சாஃப்ட்வேர் பண்ற இடத்துல இருக்கிற டிசைன் டீம். ஸ்டைபண்ட் பொதுவா இங்கதான் நல்லா இருக்கு, வேலை நேரமும் ஒழுங்கா இருக்கும். இங்க உங்களுக்குக் கிடைக்கப்போறது மொத்த ஆப்ல ஒரு சின்ன மூலை, ஒரு செட்டிங்ஸ் பக்கம், ஒரு எரர் மெசேஜ், அந்த மாதிரி. சின்னதா இருக்கேன்னு சோர்ந்து போகாதீங்க, அந்த சின்ன மூலைய எவ்வளவு ஆழமா தோண்டறாங்கன்னு பாருங்க. என்கிட்ட இருந்து போன ஒரு பையன் ஒரு ஃபார்ம் பக்கத்துக்கு வெளிர் சாம்பல் கலர்ல குறிப்பு எழுத்து போட்டிருந்தான், பாக்க நாகரிகமாத்தான் இருந்துச்சு. அவனோட சீனியர் அத, எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் எவ்வளவுன்னு அளக்கற கான்ட்ராஸ்ட் செக்கர்ல போட்டுப் பாக்கச் சொன்னாங்க, 2.3க்கு 1னு வந்துச்சு. டபிள்யூசிஏஜிங்கிற வெப் அணுகல் விதிமுறைல சாதாரண எழுத்துக்கு குறைஞ்சது 4.5க்கு 1 வேணும். அப்புறம் கண் பார்வை குறைஞ்ச ஒருத்தர் அந்தப் பக்கத்த பயன்படுத்தறத நேர்ல உக்காந்து பாக்க வச்சாங்க, அவர் ஃபோன மூக்குக்கிட்ட கொண்டுபோய் அப்படியும் படிக்க முடியாம அந்தக் குறிப்ப விட்டுட்டு அடுத்ததுக்குப் போனார். பையன் அன்னிக்கு ராத்திரி எனக்கு மெசேஜ் பண்ணான், "இத்தன நாளா யாருக்கு டிசைன் பண்ணிட்டு இருந்தேன்ண்ணே"ன்னு. பயன்படுத்தற ஆள் முகத்த நேர்ல பாக்கற வாய்ப்பு ஏஜென்சிலயும் ஸ்டூடியோலயும் இவ்வளவு சுலபமா கிடைக்காது, அந்த விஷயத்துல இந்த இடத்துக்குதான் முதல் மார்க் குடுப்பேன்.

குறை என்னன்னா, வெளில காட்ட முடியாது. என்டிஏல, அதாவது வேலை விஷயத்த வெளில சொல்லமாட்டேங்கிற ஒப்பந்தத்துல, கையெழுத்து வாங்கிடுவாங்க, நீங்க பண்ணது ரிலீஸ் ஆக ஒரு வருஷம் ஆகலாம், ஆகாமலே போகலாம். மத்தபடி டிசைன் சிஸ்டம் ஏற்கெனவே முடிஞ்சிருக்கும், பட்டனோட மூலை எவ்வளவு வளையணும்னுகூட எழுதி வச்சிருப்பாங்க, உங்க கைவண்ணம் காட்ட இடம் கம்மி. கிராஃபிக், இல்லஸ்ட்ரேஷன் பக்கம் மனசு இருக்கறவங்களுக்கு இது மூச்சு முட்டும்.

ஓவியம், சிற்பம், செராமிக் படிக்கிறவங்களுக்கு மேல சொன்ன மூணுமே அவ்வளவா ஒட்டாது. ஒரு கலைஞரோட ஸ்டூடியோல உதவியாளா போறதுதான் அவங்களுக்கு சரி, இல்லன்னா கேலரி, மியூசியம். கேன்வாஸ் இழுத்து அடிக்கிறது, மோல்டு எடுக்கறது, ஒரு வேலைப்பாட்ட எப்படி பெட்டில கட்டி அனுப்பறது, வரும்போது என்ன நிலைல இருந்துச்சுன்னு எப்படி எழுதி வைக்கிறது, விலை எப்படி பேசறாங்க, இதெல்லாம் ஒரு கலைஞன் பொழைக்கத் தேவையான அறிவு, இது பாடத்திட்டத்துல பெருசா வராது. ஒண்ணு மட்டும் கண்டிப்பா கேளுங்க: ரெசின், ஃபைபர் கிளாஸ், கல் தூசி இருக்கிற இடம்னா மாஸ்க் தர்றாங்களா, காத்து வெளிய போக வழி இருக்கா. துணி கட்டிக்கோன்னு சொன்னா அந்த இடம் வேண்டாம். நுரையீரல் போனா திரும்பி வராது.

வீட்ல இருந்தே பண்ற ரிமோட் இன்டர்ன்ஷிப்ப பத்தி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்ல, முதல் இன்டர்ன்ஷிப்புக்கு வேண்டவே வேண்டாம். ஒருத்தர் நம்ம ஸ்க்ரீன எட்டிப் பாத்து "அந்த ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இடிக்குது பாரு"ன்னு போற போக்குல சொல்றதுலதான் பாதி படிப்பு இருக்கு, வீடியோ கால்ல அது வராது. உடம்பு முடியாதவங்க, வெளியூர் போக முடியாத சூழ்நிலை இருக்கறவங்க கண்டிப்பா பண்ணுங்க, ஆனா வாரத்துல மூணு நாளாவது ஸ்க்ரீன் ஷேர் பண்ணி திருத்தற நேரம் உண்டான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

எத்தன மாசம்ங்கிறது அடுத்த கேள்வி. படிப்பையும் வேலையையும் மாத்தி மாத்தி வைக்கிற கோ-ஆப் முறைய 1906ல அமெரிக்கால சின்சினாட்டி பல்கலைக்கழகத்துல ஹெர்மன் ஷ்னைடர் ஆரம்பிச்சார், அது இன்ஜினியரிங் மாணவர்களுக்கு. இன்னிக்கு அதே பல்கலைக்கழகத்துல டிசைன் படிக்கிறவங்களும் ஒரு செமஸ்டர் படிப்பு, ஒரு செமஸ்டர் வேலைன்னு போய்ட்டு வர்றாங்க. இதுல எனக்குப் பிடிச்சது திரும்பி வர்றதுதான். வேலைல இடிச்ச சந்தேகத்தோட கிளாஸுக்கு வந்து உக்காந்தா அதே பாடம் வேற மாதிரி கேக்கும். உங்க காலேஜ்ல அப்படி வசதி இருந்தா ஒரே ஆறு மாசத்த கடைசி வருஷத்துல வைக்கிறத விட, நடுவுல ஒண்ணு கடைசில ஒண்ணுன்னு ரெண்டா பிரிங்க. ரெண்டு மாசத்துக்கும் கம்மின்னா ஒத்துக்காதீங்க, முதல் மூணு வாரம் ஃபைல் எங்க இருக்கு, பேர் எப்படி வைக்கணும், யார்கிட்ட அப்ரூவல் வாங்கணும்னு தெரிஞ்சுக்கறதுலயே போயிடும், கை வேலைல படியும்போது கிளம்பற நாள் வந்துடும்.

காசு விஷயத்துக்கு வர்றேன், இதுல எனக்கு கோபம் உண்டு. 'அனுபவம் கிடைக்குதுல்ல'ன்னு சொல்லி சும்மா வேலை வாங்கறது இந்தத் துறைல ரொம்ப சாதாரணமாயிடுச்சு. 2011ல அமெரிக்கால ஒரு சினிமா கம்பெனி மேல சம்பளமில்லாம வேலை பாத்த இன்டர்ன்ஸ் கேஸ் போட்டாங்க, 2015ல அப்பீல் கோர்ட்டு ஒரு அளவுகோல் சொல்லுச்சு: இந்த ஏற்பாட்டுல முக்கியமா பலன் அடையறது யாரு, மாணவரா கம்பெனியான்னு பாக்கணும், அதுக்கு ஏழு விஷயங்கள கவனிக்கணும்னு. அதுல படிப்புக்கு சம்பந்தம் இருக்கா, காலேஜ் கிரெடிட் உண்டா, சம்பளம் வாங்கற ஆளோட வேலைய இன்டர்ன் பண்றாரா எல்லாம் வருது. 2018ல அங்க தொழிலாளர் துறையும் அதையே எடுத்துக்கிச்சு. ஃபிரான்ஸ்ல ஒரே இடத்துல ரெண்டு மாசத்துக்கு மேல இன்டர்ன் வச்சா காசு குடுத்தே ஆகணும்னு சட்டமே இருக்கு. பிரிட்டன்ல படிப்போட ஒரு பகுதியா ஒரு வருஷம் வரைக்கும் போறவங்களுக்கு குறைஞ்சபட்ச கூலி சட்டம் பொருந்தாது. நாட்டுக்கு நாடு மாறுது, அதனால சட்டத்த காலேஜ் பிளேஸ்மென்ட் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. ஆனா அந்த 'யாருக்குப் பலன்'ங்கிற கேள்விய நீங்களே உங்க ஆஃபர் லெட்டர் மேல வச்சுப் பாக்கலாம். உங்க லேஅவுட்டுக்கு கம்பெனி க்ளையன்ட்கிட்ட பில் போடுதுன்னா உங்களுக்கு காசு வரணும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. அதே நேரம், ஸ்டைபண்ட் கொஞ்சம் கம்மி ஆனா தினமும் திருத்தற ஆள் உண்டுன்னா, வீட்டு நிலைமை இடம் குடுத்தா, நான் கம்மி ஸ்டைபண்ட்டுக்கே போகச் சொல்வேன். வீட்டு நிலைமை இடம் குடுக்கலன்னா காசு வர்ற இடத்துக்கு போறதுல எந்தத் தப்பும் இல்ல, யாரும் அதுக்கு கூச்சப்பட வேண்டாம்.

போர்ட்ஃபோலியோவ மறந்துட்டேன். சேர்ற முன்னாடியே கேக்க வேண்டியது இது: நான் பண்ணத வெளில காட்டலாமா, எப்ப இருந்து காட்டலாம், என் பேர் எங்கயாவது வருமா. காப்பிரைட் யாருக்குங்கிறது பெரும்பாலும் ஒப்பந்தத்துலதான் இருக்கும், நாம வரைஞ்சதுன்னு நினைச்சு வெளில போட்டு மாட்டிக்கிட்ட பசங்க இருக்காங்க. என்டிஏ இருந்தா, கம்பெனி பேர், லோகோ, எண்கள் எல்லாம் எடுத்துட்டு, என்ன பிரச்சனை, என்னென்ன முயற்சி பண்ணேன், ஏன் இத விட்டுட்டு அத எடுத்தேன்னு எழுதி காட்ட அனுமதி கேளுங்க, நிறைய இடத்துல ஒத்துக்கறாங்க. வாய் வார்த்தை வேண்டாம், மெயில்ல வாங்கிக்கோங்க. வேலைக்கு எடுக்கும்போது நான் அந்த முயற்சிகளத்தான் பாக்கறேன், முடிஞ்ச போஸ்டர் அழகா இருக்கறத வச்சு இது யாரோட கை, எத்தன பேரோட கைன்னு எனக்குத் தெரியவே தெரியாது.

இதெல்லாம் சொல்லிட்டு, எனக்கென்னவோ சின்ன ஸ்டூடியோதான் உனக்கு நல்லதுன்னு படுதும்மா, ஆனா ரெண்டு இடத்துக்கும் ஃபோன் போட்டு ஒரே கேள்விய கேளு, 'நான் பண்றத யார் பாப்பாங்க, எப்பெப்ப பாப்பாங்க'ன்னு, அப்புறம் முடிவு பண்ணுன்னு அக்கா பொண்ணுகிட்ட சொன்னேன். கேட்டிருக்கா. ஸ்டூடியோ நடத்தறவர் நல்ல மனுஷன்தான், உண்மைய சொல்லிட்டார்: அடுத்த நாலு மாசம் ஒரு மியூசியம் வேலைக்காக அவர் வெளியூர்லயே இருப்பாராம், ஸ்டூடியோல ஒரு ஜூனியரும் ரெண்டு இன்டர்னும்தான் இருப்பாங்களாம். ஏஜென்சில ஹெச்ஆர் பதில் சொல்லாம நேரா ஆர்ட் டைரக்டர்கிட்டயே லைன் குடுத்துட்டாங்க. அந்தம்மா, "செவ்வாய், வெள்ளி சாயங்காலம் அரை மணி நேரம் என் டேபிள்ல, நீ பண்ணத பிரின்ட் எடுத்துட்டு வரணும், ஸ்க்ரீன்ல நான் பாக்க மாட்டேன்"னு சொன்னாங்களாம். இவ உடனே ஏஜென்சிக்கு சரின்னு மெயில் அனுப்பிட்டு எனக்கு ஃபோன் பண்ணா. "மாமா, நீங்க சொன்னதுக்கு மாறா பண்ணிட்டேன்"னா. மாறா எங்க பண்ண, நான் சொன்ன கேள்விய கேட்டுத்தானே பண்ணிருக்கன்னு சொல்லிட்டு, பிரின்ட் எடுக்கும்போது 100 சதவீத அளவுல எடு, தாளுக்கு பொருந்தற மாதிரி சுருக்காத, அப்பதான் எழுத்து அளவு உண்மையா தெரியும்னு மட்டும் சொன்னேன். வர்ற திங்கக்கிழமை சேர்றா.